தெரியாமல் கேட்டவர்களின் வரலாறு

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை வரும் என்கிறார்களே, எறும்புக்கு அது எப்படித் தெரியும்? இவ்வளவு மழை குடித்த கரிசல் மண் மாசியில் ஏன் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது? ஒரே காட்டில் ஒரு கிணறு நல்ல தண்ணீராகவும் பக்கத்துக் கிணறு உப்பாகவும் இருப்பது ஏன்? அருப்புக்கோட்டை, திருச்சுழி, குமாரலிங்கபுரம் என்று நீளும் வானம் பார்த்த பூமியில் இப்படிப்பட்ட கேள்விகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டிருக்கும். ஆனால் அவற்றை யாரும் கல்லில் வெட்டிவைக்கவில்லை, ஓலையில் எழுதிவைக்கவில்லை. கேட்ட வாயோடும் சொன்ன வாயோடும் அவை போய்விட்டன. அதனால் இந்தச் சின்னக் கேள்விகளுக்கு வரலாறே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். வரலாறு இருக்கிறது. என்ன கேட்டார்கள் என்பதைவிட, யார் யாரிடம் கேட்க முடிந்தது, பதிலைத் திருப்பிக் கேட்க முடிந்ததா என்பதில்தான் அதன் தடம் கிடக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் வினாவை ஆறாகப் பிரித்தார். அதில் முதலிரண்டும் நமக்கு இங்கே முக்கியம். விடை தெரிந்தவர் கேட்பது அறிவினா. விடை தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. ஆசிரியர் மாணவனைச் சோதிப்பது முன்னது. மாணவன் ஆசிரியரிடம் ஐயம் தீர்த்துக்கொள்வது பின்னது. இலக்கணம் இரண்டையும் அருகருகே சமமாக வைத்தது. சமூகம் அப்படி வைக்கவில்லை. நம் மரபில் மேடையும் மரியாதையும் பெற்ற கேள்விகளில் பெரும்பாலானவை அறிவினாக்கள். தெரியாமல் கேட்பவனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் "இதுகூடத் தெரியாதா?" என்ற ஏளனம். அறியா வினாவுக்கு மானமான ஓர் இடம் கிடைக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின என்பதும், அந்த இடம் கிடைத்த பிறகே சாதாரண மனிதன் பெரிய விஷயங்களைப் பற்றிக் கேட்கத் துணிந்தான் என்பதும்தான் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் இந்த மண்ணைப் பார்க்க வேண்டும். ஆற்றுப் பாசனம் உள்ள ஊரில் அணை திறக்கும் நாள் தெரியும், வாய்க்காலில் முறை தெரியும். இங்கே அப்படி எதுவும் உறுதியில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துக்கொள்ள, ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே பிழைப்பு. ஆண்டு முழுவதற்கும் எண்ணூறு மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்யும். அதுவும் சீராகப் பெய்யாது. மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருப்பதா, ஈரம் பார்த்து விதைப்பதா என்பது ஒவ்வொரு புரட்டாசியிலும் எழும் கேள்வி. கம்பா, குதிரைவாலியா, பருத்தியா, மல்லியா என்பது அதை ஒட்டிய இன்னொன்று. தப்பான பதிலுக்கு ஒரு வருடச் சாப்பாடு விலை. ஆகவே தட்டான் தாழப் பறப்பதையும், ஈசானி மூலையில் மின்னல் வெட்டுவதையும், தூக்கணாங்குருவி கூடு கட்டும் உயரத்தையும் கவனித்து வைத்தார்கள். இவை மூடநம்பிக்கையா, அறிவா என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்வது எளிது. இவை ஒவ்வொன்றும் யாரோ தெரியாமல் கேட்ட ஒரு கேள்விக்குப் பார்த்துப் பார்த்துச் சொல்லப்பட்ட பதில் என்பதே சரியான கணிப்பு. சில பொருந்தின, சில பொருந்தவில்லை. கேள்வி உயிரோடு இருந்தவரை பதில் திருந்திக்கொண்டிருந்தது. பழமொழியாக இறுகியபோது திருந்துவது நின்றது.

இந்த மண்ணில் கேள்விக்கு ஒரு கொண்டாட்டமும் இருந்தது. அதுதான் விடுகதை, தெற்கத்திப் பேச்சில் அழிப்பாங்கதை. தொல்காப்பியம் இதைப் பிசி என்ற பெயரில் செய்யுள் வகைகளுள் ஒன்றாகவே எண்ணி, உவமையால் அமைவது, குறிப்பால் உணர்த்துவது என இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. பருத்தி எடுக்கும்போதும், நிலா வெளிச்சத்தில் கடலை உடைக்கும்போதும் விடுகதை போடுவார்கள். கிணறு, கமலை, உரல், பருத்திக்காய், பனம்பழம் என்று தினமும் கையில் புழங்கும் பொருளே விடையாக இருக்கும். தெரிந்த பொருளைத் தெரியாதது போல உருமாற்றிக் காட்டி, மறுபடி உற்றுப் பார்க்க வைப்பது அதன் வேலை. எட்டு வயதுப் பிள்ளை போட்ட விடுகதைக்கு அறுபது வயதுப் பெரியவர் விடை தெரியாமல் விழிக்கலாம். அதில் யாருக்கும் அவமானம் இல்லை. வயதும் சாதியும் அந்தஸ்தும் வாயைக் கட்டிப்போட்ட ஒரு சமூகத்தில், தெரியாது என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ள இடம் தந்த விளையாட்டு இது. அந்த வகையில் அதன் கொடை பெரியது. ஆனாலும் ஓர் எல்லை உண்டு. விடுகதை போடுபவருக்கு விடை முன்பே தெரியும். கூட்டத்தில் யாருக்குமே தெரியாத ஒன்றைப் பற்றி விடுகதை போட முடியாது. பருத்திக்காய் எதைப் போல இருக்கிறது என்று விடுகதை கேட்கும். பருத்தியில் ஏன் புழு விழுந்தது என்று அது கேட்காது.

புழு விழுந்ததற்கும், மாடு படுத்ததற்கும், பிள்ளை இரவெல்லாம் அழுததற்கும் காரணம் தெரிய வேண்டியவர்கள் கோடாங்கியிடம் போனார்கள். உடுக்கை ஒலிக்க அவர் குறி சொன்னார். காணாமல் போன ஆடு எந்தத் திசையில் என்று கேட்டார்கள். நினைத்த காரியம் ஆகுமா என்று சாமி முன்னால் பூக்கட்டிப் பார்த்தார்கள். சித்திரை முதல் நாள் கோயிலில் பஞ்சாங்கம் படிக்க, இந்த வருடம் எத்தனை மரக்கால் மழை என்று ஊரே உட்கார்ந்து கேட்டது. அறியா வினாவுக்கு நம் ஊர்களில் நெடுங்காலம் மானமான இடம் கிடைக்கவில்லை என்ற என் வாதத்தை இது மறுப்பதாகத் தோன்றலாம். மக்கள் தெரியாததைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்? கேட்டார்கள், மறுக்கவில்லை. அந்த இடங்கள் மனபாரத்தை இறக்கி வைத்தன என்பதும் உண்மை. ஆனால் அங்கே கேள்வி ஒருமுறைதான். பதில் வந்தபின் "அது எப்படி உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்க வழியில்லை. கேட்டால் அது தெய்வக் குற்றம். மறுகேள்விக்கு இடமில்லாத பதில் ஆறுதல் தரலாம். அறிவாக வளர முடியாது.

பள்ளிக்கூடமும் அச்சும் வந்தபோது இது மாறியிருக்க வேண்டும். உடனே மாறவில்லை. 1579இல் கொச்சியில் அச்சான கிரீசித்தியானி வணக்கம் தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூல்களுள் ஒன்று. அது குருவும் சீடனும் பேசும் வினாவிடை வடிவில் அமைந்தது. மூன்று நூற்றாண்டு கழித்து யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அதே வடிவத்தைக் கையில் எடுத்துச் சைவ வினாவிடை எழுதினார். எதிரெதிர் அணியில் நின்ற இரண்டு சமயங்களும் ஒரே வடிவத்தில் ஒன்றுபட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டிலும் கேள்வியும் பதிலும் ஒரே கை எழுதியவை. மாணவன் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டியவை. திண்ணைப் பள்ளியிலும் கேட்பவர் வாத்தியார், பதில் சொல்லத் தவறியவனுக்குப் பிரம்படி. அறிவை வெகு பேருக்குக் கொண்டுபோனதில் வினாவிடை நூல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் வாசகனின் சொந்தக் கேள்விக்கு அவற்றில் ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படவில்லை.

திருச்சுழிக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே வாழ்ந்த சுந்தரமய்யர் மாதம் இரண்டு ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கரிடம் எழுத்தராகத் தொடங்கி, மனு எழுதுபவராகி, பிறகு வழக்காட அனுமதி பெற்றவர். எழுதத் தெரியாத குடியானவரின் குறையை, சர்க்கார் காதில் ஏறும் மொழியில் எழுதித் தருவது மனு எழுதுபவரின் தொழில். குடியானவரின் "ஏன்?" என்ற கேள்வி காகிதத்தில் ஏறிய முதல் வாசல்களில் அது ஒன்று. அந்த வீட்டில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. 1902இல், தென்னார்க்காட்டில் வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை அலுவல் காரணமாகத் திருவண்ணாமலை வந்தவர், மலைக் குகையில் இருந்த அந்த இளைஞரிடம் சில கேள்விகள் கேட்டார். அதிகம் பேசாமல் இருந்த ரமணர் எழுதிக் காட்டிப் பதில் சொன்னார். அந்தக் கேள்வி பதில்கள் 1923இல் நானார்? என்ற பெயரில் அச்சுக்கு வந்தன. பதிப்புக்குப் பதிப்பு கேள்விகளின் எண்ணிக்கை மாறியிருக்கிறது. பின்னர் ரமணரே அதைக் கட்டுரை வடிவிலும் அமைத்தார். வினாவிடை நூல்களின் வரிசையில் இதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் படும். இங்கே கேட்டவர் உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். ஒரு பதில் அடுத்த கேள்வியைப் பிறப்பித்தது. ஒப்பிப்பதற்கான பதில் எதுவும் தரப்படவில்லை. கேட்பவரே தேடிப் பார்க்க வேண்டும் என்று கேள்வி அவரிடமே திருப்பித் தரப்பட்டது.

ஆன்ம விசாரத்தையும் எறும்பு முட்டையையும் ஒரே வரிசையில் வைக்கலாமா என்று சிலர் வருந்தக்கூடும். பொருளில் இரண்டுக்கும் வெகுதூரம். ஆனால் இங்கே பேச்சு பொருளைப் பற்றியது அல்ல, கேட்கும் ஒழுங்கைப் பற்றியது. கேட்பவருக்கு விடை தெரியாது, தெரியாதது குற்றம் இல்லை, பதிலிலிருந்து மீண்டும் கேட்கலாம் என்ற மூன்று நிபந்தனைகள் சேர்ந்தால்தான் அறியா வினா முழுமை பெறும். பிற்காலத்தில் ரமணாசிரமக் கூடத்தில் படித்தவரும் படியாதவரும், உள்ளூராரும் வெளிநாட்டாரும் வந்து கேட்டதில் குடும்பக் கவலையும் உடல்நோயும் வேலைக் குழப்பமும் நிறையவே இருந்தன. 1935 முதல் 1939 வரை முனகல வேங்கடராமையா எழுதிவைத்த குறிப்புகளில் அதைக் காணலாம். பெரிய கேள்விக்கு முன்னால் சின்னக் கேள்வியைக் கேட்க அங்கே தடை இருக்கவில்லை.

ஆனாலும் திருவண்ணாமலைக்குப் போக எல்லோராலும் முடியாது. கரிசல் காட்டுச் சம்சாரி, அதாவது விவசாயி, இருந்த இடத்திலிருந்தே கேட்க ஒரு வழி வேண்டியிருந்தது. அந்த வழியும் 1879இல்தான் பிறந்தது: அந்த ஆண்டு ஜூலையில் கால் அணா விலையில் அஞ்சலட்டை இந்தியாவில் அறிமுகமானது. அதைக் கேள்வி கேட்கும் கருவியாக மாற்றியவை தமிழ் வார இதழ்கள். 1947இல் எஸ்.ஏ.பி. அண்ணாமலை தொடங்கிய குமுதத்தின் அரசு பதில்களும், அதன் சகோதர இதழான கல்கண்டில் தமிழ்வாணன் அளித்த பதில்களும் பல பத்தாண்டுகள் வாசகரைக் கட்டிப்போட்டன. அரசு என்பது யார் என்பதே வாசகருக்கு நெடுங்காலம் புதிராக இருந்தது. 1970இல் சோ தொடங்கிய துக்ளக்கில் அரசியல் கேள்விகளுக்குத் தனிப் பக்கங்கள். ஜூனியர் விகடனில் சுஜாதா ஏன்? எதற்கு? எப்படி? என்று அறிவியல் ஐயங்களுக்குப் பதில் எழுதினார். ஆனந்த விகடனில் மதன் வரலாறு முதல் விலங்குகள் வரை சொன்னார். 1980களில் 15 காசு அஞ்சலட்டை இருந்தால் போதும், எந்தக் கிராமத்திலிருந்தும் யாரும் கேட்கலாம். பதிலோடு கேட்டவரின் பெயரும் ஊரும் அச்சாகும். வரைபடத்தில் புள்ளியாகக்கூட இல்லாத ஊரின் பெயர் ஒரு கேள்வியால் தமிழ்நாடு முழுவதும் வாசிக்கப்பட்டது. தெரியாமல் கேட்பது இங்கே வெட்கமாக இல்லை, பெருமையாக ஆயிற்று. நான்கு நூற்றாண்டு வினாவிடை அச்சில் நடக்காத மாற்றம் அது.

இதற்கு இரண்டு வலுவான ஆட்சேபங்கள் உண்டு. ஒன்று, அந்தக் கேள்விகளின் தரம். நடிகையின் வயதும், காதலுக்கும் கல்யாணத்துக்கும் என்ன வேறுபாடு என்பதும்தானே அவற்றில் பாதி? பதில்களும் உண்மையைச் சொன்னதைவிடச் சாமர்த்தியத்தைக் காட்டியது அதிகம் அல்லவா? இருக்கலாம். ஆனால் ஒரு பழக்கத்தை அதன் மிக மெலிந்த எடுத்துக்காட்டை வைத்து எடைபோடக் கூடாது. நடிகையைப் பற்றிக் கேட்டு எழுதிய அதே கை, அடுத்த அட்டையில் வீட்டில் யாரிடமும் வாய்திறக்க முடியாத உடல் சந்தேகத்தையும், மணவாழ்க்கைக் குழப்பத்தையும், வானம் ஏன் நீலம் என்பதையும் எழுதியது. விளையாட்டாகத் தொடங்கினால்தான் கூச்சம் போகும். விடுகதைக்கும் இது பொருந்தும். பதில் தவறானால் மறு வாரம் வேறொரு வாசகர் திருத்தி எழுத முடிந்தது என்பதையும் மறக்கக் கூடாது. கோடாங்கியின் குறியில் இல்லாத மறுகேள்வி இங்கே இருந்தது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது: அட்டை எழுத எழுத்து தெரிய வேண்டும். 1951இல் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஐந்தில் ஒருவர்தான். பெண்களிலும் தாழ்த்தப்பட்ட மக்களிலும் அதைவிட மிகக் குறைவு. அந்த நிலையில் இதழ்களின் கேள்விப் பக்கம் ஊரின் ஒரு சிறு பகுதிக்கே திறந்த கதவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கதவை அகலமாக்கியதும் இதே மண்ணோடு தொடர்புடைய வரலாறுதான். விருதுநகரில் பிறந்த காமராஜர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது கிராமங்களுக்குப் பள்ளியும், பள்ளிக்கு மதிய உணவும் வந்தன. 1948லேயே இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின் துணையால் ஊர்தோறும் நூலகங்கள் பெருகின. டீக்கடையிலும் சலூனிலும் ஒருவர் உரக்க வாசிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். ஒரு பிரதியின் வாசகர் ஒருவர் மட்டுமல்ல. 1990களின் அறிவொளி இயக்கம் பாட்டையும் விடுகதையையும் கொண்டே பெண்களை இரவு வகுப்புக்கு இழுத்தது. 1991இல் எழுத்தறிவு 62 விழுக்காட்டைத் தாண்டியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ் பிள்ளைகளின் கேள்விகளுக்கு இடம் தந்தது. கதவு தானாகத் திறக்கவில்லை. பலர் சேர்ந்து தள்ளித் திறந்தார்கள்.

கேள்வி எதிர்த்திசையிலும் பயணம் செய்ததை இங்கே சொல்லியாக வேண்டும். இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டார். இதற்கு உங்கள் பக்கத்தில் என்ன பேர், இந்தச் சொல்லை எப்போது சொல்வீர்கள் என்று சம்சாரிகளின் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுச் சேர்ந்தது அது. எழுதுபவர் தெரியாமல் கேட்க, எழுத்தறியாதவர் தெரிந்து சொன்னார். வேளாண்மையிலும் இதே ஓட்டம் இரு பக்கமும் நடந்தது. 1960களிலிருந்து வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் விவசாயிகளின் கடிதங்களுக்குப் பதில் சொல்லின. அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களுக்காகவே இயங்குகிறது. 2004 ஜனவரியில் தொடங்கிய கிசான் அழைப்பு மையத்துக்கு 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். கோடாங்கியிடம் கொண்டுபோன புழுவை இப்போது தொலைபேசியில் கொண்டுபோகிறார் சம்சாரி. கரிசல் ஏன் வெடிக்கிறது என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது: ஈரம் ஏறினால் உப்பவும் உலர்ந்தால் சுருங்கவும் கூடிய களிமண் அதில் மிகுந்திருக்கிறது. தாத்தா கேட்ட கேள்வி முட்டாள்தனமானது இல்லை என்பதை மண்ணியல் மெய்ப்பித்தது.

எல்லாப் பதிலும் விரல் நுனியில் கிடைக்கும் இன்று இந்தப் பழைய கதை எதற்கு என்று கேட்கலாம். பதில் மலிவாகக் கிடைக்கிறது என்பது சரி. ஆனால் சில கேள்விகளுக்குப் பதில் யாரோ ஒருவர் பெட்டியில் பூட்டியிருக்கிறது; அதைப் பெறத் துணிச்சலும் பழக்கமும் வேண்டும். விருதுநகர் மாவட்டத்து இ. குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்கா அமையும் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. நூலும் தறியும் தெரிந்த அருப்புக்கோட்டைப் பக்கத்து மக்களுக்கு அது வேலை தரலாம். வரவேற்க வேண்டியதுதான். அதோடு கேட்க வேண்டியதும் உண்டு: மழைக்கே அல்லாடும் ஊரில் தண்ணீர் எங்கிருந்து வரும்? சாய நீர் எங்கே போகும்? வேலையில் உள்ளூராருக்கு எத்தனை இடம்? திருப்பூரில் நொய்யல் கெட்டதும், 2011இல் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட நேர்ந்ததும் காலத்தில் கேட்கப்படாத கேள்விகளின் விலை. கேட்க வழி இருக்கிறது. தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றுவதில் 1997லேயே தமிழ்நாடு முந்தியது. 2005இன் மத்தியச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் எந்தக் குடிமகனும் அரசைக் கேட்கலாம், திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடும் செய்யலாம். கிராம சபையில் எழுந்து நின்றும் கேட்கலாம். அறியா வினாவின் மூன்று நிபந்தனைகளும் சட்டத்தில் ஏறிவிட்டன.

சட்டம் உரிமையைத் தரும், நாக்கைத் தராது. அதிகாரியின் முன்னால் எழுந்து "எனக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை விளக்குங்கள்" என்று சொல்லும் நாக்கு, வீட்டில் பிள்ளை "அது ஏன் அப்படி?" என்று கேட்டபோது அதட்டி அடக்கப்படாத நாக்காக இருக்க வேண்டும். விடுகதை போட்ட பாட்டியும், அஞ்சலட்டை எழுதிய இளைஞனும், இரவு வகுப்பில் கைதூக்கிய பெண்ணும் அற்ப விஷயத்தில் பொழுது போக்கியவர்கள் இல்லை. கேட்கலாம் என்ற தைரியத்தை அவர்கள் தலைமுறையாகப் பழக்கித் தந்தார்கள். அந்தப் பழக்கத்தைப் பள்ளியிலும் வீட்டிலும் காப்பாற்றும் ஊர், தண்ணீரைப் பற்றிய கேள்வியையும் நிலத்தைப் பற்றிய கேள்வியையும் காலம் கடக்கும் முன் கேட்கும். முதல் பதிலோடு அடங்காமல் மறுபடியும் கேட்கும்.